ஆமத்தூரில் நான்கு தனிச் சிப்பாய்கள்

விருதுநகருக்கு யாராவது ஊர் சுற்றிப் பார்க்கப் போவார்களா என்று என் வீட்டில் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். நான் போனேன். அதுவும் ஆவணி வெயிலில், ஒரே ஒரு சதுரங்க ஆட்டத்துக்காக. இந்த வலைப்பூவைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் கிறுக்கு பழகிப்போயிருக்கும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு ஊர் சேலம், தொழில் வரிக்கணக்கு பார்ப்பது. லீவு கிடைத்தால் மற்றவர்கள் அருவிக்கும் கோயிலுக்கும் கிளம்புவார்கள். நான் எந்த ஊரில் யார் செஸ் ஆடுகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு அங்கே கிளம்பிவிடுவேன்.

விஷயம் இதுதான். ஆனி மாதம் இங்கே ஓர் ஆட்டத்தைப் போட்டிருந்தேன். ஐரோப்பாவில் எங்கோ நடந்த போட்டி, வெள்ளைக் காயில் ஆடியவர் ஒரு கிராண்ட்மாஸ்டர். செஸ் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம்: சிப்பாய்கள் பக்கத்துப் பக்கத்து வரிசையில் நின்றால்தான் ஒன்றை ஒன்று காப்பாற்றும். அதனால் அவற்றைக் கூட்டமாக வைத்துக்கொள் என்று முதல் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். இந்த மனிதர் தானே வலியப் போய்த் தன் சிப்பாய்க் கூட்டத்தைப் பிய்த்துப் போட்டார். கடைசியில் அவரிடம் மிஞ்சியவை நான்கு. ஏ, சி, இ, ஜி என்று ஒன்று விட்டு ஒரு வரிசையில் தனித்தனியாக நின்றன. ஒன்றுக்கும் துணை இல்லை. எதிரிக்கும் நான்குதான், ஆனால் அதில் மூன்று தோளோடு தோள் ஒட்டி நின்றன. ஜெயித்தவரோ பிய்த்துப் போட்டவர். எப்படி ஜெயித்தார் என்று எனக்கு முழுசாகப் பிடிபடவில்லை. "உங்களில் யாராவது வெள்ளைக் காயில் இப்படி ஆடத் துணிவீர்களா?" என்று கேட்டுப் பதிவை முடித்திருந்தேன்.

கீழே கருத்து எழுதிய எல்லோரும் கும்பிடு போட்டு விலகிக்கொண்டார்கள். ஆவணி பிறந்த பிறகு ஒரே ஒரு பதில் மட்டும் வேறு மாதிரி வந்தது. "நான் ஆடப் போறேன்க்கா. மாவட்டத் தேர்வு ஆட்டம் இருக்கு. அதுக்கு முன்னாடி ஒருக்கா வந்து இதை ஒடைச்சுப் பாருங்களேன்." எழுதியவர் செல்வராணி. வயது முப்பத்தொன்று. ஊர் ஆமத்தூர், விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற வழி. பட்டாசு ஆலையில் சரம் பின்னுகிற வேலை.

போனில் பேசியபோது முழுக் கதையும் தெரிந்தது. மாவட்டப் பெண்கள் அணிக்கு நான்கு பேர். மூன்று இடங்கள் முடிவாகிவிட்டன. நான்காவது இடத்துக்கு செல்வராணியும் ராஜபாளையத்துக் கல்லூரி மாணவி தீபிகாவும் சமப் புள்ளியில் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருக்கும் ஒரே ஆட்டம். டிரா ஆனால் முந்தைய ஆட்டங்களின் கணக்கில் தீபிகாவுக்குத்தான் இடம். ஆக, செல்வராணி ஜெயித்தே ஆக வேண்டும். குலுக்கலில் வெள்ளைக் காய் விழுந்திருந்தது. தீபிகா கறுப்புக் காயில் எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்குவாள், அந்தத் தொடக்கம்தான் கிராண்ட்மாஸ்டர் ஆட்டத்திலும் வந்தது. "அஞ்சு வருசமா கடைசிப் படியிலதான் விழுறேன்க்கா. அதுவும் ஒவ்வொரு வாட்டியும் நேரம் பத்தாமத்தான். எனக்கு மூளை மெதுவாத்தான் ஓடும். இந்த வட்டமும் போச்சுன்னா பலகையை எங்கண்ணன் பிள்ளைககிட்டக் குடுத்துருவேன்" என்றாள். அதைக் கேட்ட பிறகு நான் டிக்கெட் பார்க்காமல் வேறென்ன செய்வேன்?

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு சேலம் புதிய பேருந்து நிலையத்தில் மதுரை பஸ் ஏறினேன். நாமக்கல், கரூர், திண்டுக்கல் வழி. டிரைவருக்குப் பிடித்த பாட்டு எல்லாம் எனக்கும் மனப்பாடம் ஆகும் அளவுக்குச் சத்தம். மாட்டுத்தாவணியில் பதினொன்றரைக்கு இறங்கி, அங்கேயே கோவில்பட்டி பஸ்ஸில் மாறி, ஒன்றேகால் மணிக்கு விருதுநகர். மதுரையிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, நான்குவழிச் சாலை என்பதால் அலுப்பே தெரியாது. பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு விடுதியில் எழுநூறு ரூபாய்க்கு அறை. ஃபேன் நன்றாகச் சுற்றியது, தண்ணீர் உப்பு. சாயங்காலம் எண்ணெயில் பொரித்த பரோட்டா சாப்பிட்டேன். "பிச்சுப் போட்டு சால்னா ஊத்தவாக்கா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் ஊற்றியும்விட்டார் பரிமாறியவர். நொறுங்கிய பரோட்டா சால்னாவில் ஊறியும் ஊறாமலும் இருக்கும் அந்த ஒரு நிமிடத்தில் சாப்பிட்டுவிட வேண்டும். நான் போட்டோ எடுத்துக்கொண்டிருந்து கோட்டைவிட்டேன், நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

சனிக்கிழமை செல்வராணிக்கு வேலை நாள். சீசன் என்பதால் லீவு கிடையாது. அதனால் காலையில் தனியாகச் சிவகாசிக்கு ஒரு நடை போய்வந்தேன். டவுன் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பட்டாசு வாங்க வருகிறவர்கள் வெளிச்சாலையோடு திரும்பிவிடுகிறார்கள். ஊருக்குள் அச்சகங்கள் இருக்கிற தெருக்களில் நடந்து பாருங்கள். இந்த வருடத்தின் பாதியே முடியாத மாதிரி எனக்கு இருக்க, அங்கே அடுத்த வருடக் காலண்டர்களில் முருகனும் லட்சுமியும் ஈர மை வாசனையோடு கட்டுக்கட்டாக லாரி ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒரு கடையில் குழிப்பணியாரமும் சுக்குக் காப்பியும் சாப்பிட்டேன். அதற்குள் உச்சி வெயில் வந்துவிட்டது. அறைக்குத் திரும்பி நான்கு மணிவரை தூங்கினேன்.

ஆமத்தூருக்குப் பாதை பிரிகிற விலக்கில் இறங்கி நில்லுங்கள், ஆலை வேன் வரும், பால்பாண்டி அண்ணன் ஏற்றிக்கொள்வார் என்று செல்வராணி சொல்லியிருந்தாள். பால்பாண்டி அந்த வேனின் டிரைவர், ஊர்ச் செஸ் குழுவை நடத்துகிறவரும் அவர்தான். ஐந்து மணிக்கு வேன் வந்தது. உள்ளே வேலை முடிந்து திரும்பும் பெண்கள், விரல்களிலும் முழங்கையிலும் அலுமினியத் தூளின் வெள்ளி மினுமினுப்பு. நான் ஏறி, எங்கள் ஊர் ஷேர் ஆட்டோ பழக்கத்தில் கதவைப் படார் என்று சாத்தினேன். வேனில் பேச்சு சட்டென்று நின்றது. அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெதுவா சாத்துங்கம்மா" என்றார் பால்பாண்டி. "நம்ம ஆளுகளுக்குச் சத்தம் ஆகாது."

"வெடி செய்கிற ஊரில் சத்தம் ஆகாதா?" என்று கேட்டேன்.

"செய்யிற எடத்துல சத்தம் கேட்டா என்னம்மா அர்த்தம்? அது வாங்குறவுக வீட்ல கேக்கணும்."

பின் சீட்டிலிருந்து ஒல்லியான ஒரு பெண் எட்டி என் கையைப் பிடித்து, "நான்தான்க்கா செல்வராணி. சாப்பிட்டீகளா?" என்றாள். முதல் வார்த்தையிலேயே சாப்பாடு கேட்கிற ஊர்களை எனக்கு எப்போதும் பிடிக்கும்.

குழு கூடுவது ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். முகூர்த்தம் இல்லாத நாளில் மண்டபத்துக்காரர் சும்மா விட்டுக் கொடுக்கிறார். நீளமான இரும்பு மேசைகள், சுவரெல்லாம் சாம்பார் வாசம். ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள், பெரும்பாலும் ஆலைப் பெண்கள். அவர்கள் ஆடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் ஏதோ வித்தியாசமாக இருப்பது உறைத்தது. கூடத்தில் சத்தமே இல்லை. உலகத்தில் எந்தச் செஸ் குழுவிலும் காயை டொக்கென்று வைப்பார்கள், வெட்டும்போது ஒரு காயால் இன்னொன்றை இடித்துத் தள்ளுவார்கள். இங்கே ஒருவரும் காயை இழுக்கவில்லை. தூக்கினார்கள், கொண்டுபோனார்கள், இறக்கி வைத்தார்கள். ஆலையில் எந்தப் பெட்டியையும் தரையில் தேய்த்து இழுக்கக் கூடாதாம், எதையும் தட்டக் கூடாதாம், போடக் கூடாதாம். பத்துப் பன்னிரண்டு வருடம் அப்படியே வேலை பார்த்த கைகள். ஆட்டக் கடிகாரத்துக்குப் பதில் ஒரு செல்போனை நடுவில் படுக்க வைத்திருந்தார்கள், திரையைத் தொட்டால் நேரம் மாறும். அதையும் பூவைத் தொடுகிற மாதிரிதான் தொட்டார்கள்.

"வேலை பார்க்கும்போது மனசுக்குள் ஆட்டம் ஓடுமா?" என்று செல்வராணியிடம் கேட்டேன்.

"ஐயோ, உள்ள போனா அந்த நெனப்பே வரக் கூடாதுக்கா. போனைக் கேட்டுல குடுத்துட்டுப் போவோம்ல, அதோட செஸ்ஸையும் குடுத்துட்டுப் போயிருவேன்" என்று சிரித்தாள்.

சரி, வேலைக்கு வருவோம். அந்த நான்கு தனிச் சிப்பாய் நிலையைப் பலகையில் வைத்தோம். ஆளுக்கொரு ராஜா, ஆளுக்கொரு யானை. நாங்கள் அதை ரூக் என்போம், நேர்கோட்டில் எத்தனை கட்டம் வேண்டுமானாலும் ஓடும். நான் கறுப்பு, அவள் வெள்ளை. முதல் ஆட்டத்தில் என் ரூக்கை அவளுடைய ஏ சிப்பாய்க்குப் பின்னால் கொண்டுபோனேன். அவள் அதைக் காப்பாற்றத் தன் ரூக்கைக் கட்டிப்போட்டாள். அவ்வளவுதான், மற்ற மூன்றும் கேட்பாரற்றுப் போய் நான் ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். இரண்டாவது ஆட்டமும் அப்படியே முடிந்தது. ராத்திரி பஸ் பிடித்து சேலம் திரும்பிவிடலாமா என்று எனக்கு ஒரு நினைப்பு வந்தது, பொய் சொல்வானேன்.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பால்பாண்டி குறுக்கே வந்தார். "எம்மா செல்வராணி, நம்ம ரூமெல்லாம் ஏன் தள்ளித் தள்ளிக் கட்டியிருக்கு? ஒண்ணுல தீப் பத்துனா இன்னொண்ணுக்குப் போயிரக் கூடாதுன்னுதான்? அந்த வெள்ளைக்காரன் அதைத்தான் செஞ்சிருக்கான். ஒரு சிப்பாய் போச்சுன்னா போகட்டும்னு விட்டுட்டு அடுத்ததை ஓட்டியிருக்கான். நீ என்னன்னா முதலாவதைப் புடிச்சிக்கிட்டு அழுகிறே."

பட்டாசு ஆலையில் வேலை செய்கிற அறைகள் சின்னச் சின்னதாக, ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளி விட்டு இருக்கும். அறைக்கு நாலு பேர், எதிரெதிராக வாசல்கள். அதைத்தான் அவர் ரூம் என்றார். எனக்கு அவர் சொன்னது பளிச்சென்று பட்டது. கிராண்ட்மாஸ்டர் ஆட்டத்தில் எனக்குப் புரியாமல் கிடந்த இடமே அதுதான். எதிரியின் ரூக் ஒரு சிப்பாயை எடுத்துவிட்டு அடுத்ததற்கு வருவதற்குள் வெள்ளைக்குக் கூடுதலாக ஒரு நகர்வு கிடைக்கிறது. சிப்பாய்கள் ஒட்டி நின்றிருந்தால் அது கிடைக்காது. "அதேதான்!" என்று கத்திவிட்டேன், கத்தினதற்கும் கூடம் திரும்பிப் பார்த்தது.

செல்வராணி மட்டும் சந்தோஷப்படவில்லை. பலகையைப் பார்த்தபடியே சொன்னாள். "அண்ணே, ஒரு ரூமுன்னா உள்ள நாலு பேரு இருக்காகள்ல. போகட்டும்னு எப்பிடி விடுறது?"

பால்பாண்டி தன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். இது வெறும் மரக்கட்டை, பிளாஸ்டிக் என்று அவளிடம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றியது. அவள் கை தானாக அந்த ஏ சிப்பாயைக் காப்பாற்றப் போனதற்குக் காரணம் செஸ் தெரியாமை என்று நான் எண்ணியிருந்ததை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

பிறகு அவளே பலகையிலிருந்து நிமிர்ந்தாள். "மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல எல்லாரும் வெளிய மரத்தடிக்கு வந்துருவோம்ல. அப்ப ரூம் காலியாக் கெடக்கும். இதைக் காலி ரூமுன்னு நெனச்சுக்கிறேன். இன்னொருக்கா வைங்கக்கா."

மூன்றாவது ஆட்டத்தில் என் ரூக் ஏ சிப்பாயைத் தேடிப் போனபோது அவள் திரும்பியே பார்க்கவில்லை. ராஜாவை நடுவில், சி-க்கும் இ-க்கும் இடையில் இருக்கிற அந்த வெற்று வரிசை வழியாக நடத்தினாள். கூட்டமாக நிற்கும் சிப்பாய்களுக்கு நடுவே அப்படி ஒரு தெரு கிடைக்காது. நான் இரண்டு சிப்பாய்களை வயிறு முட்டத் தின்றேன், மூன்றாவது கடைசிக் கட்டத்தைத் தொட்டு ராணியாகிவிட்டது. பிறகு இன்னும் நான்கு முறை ஆடிப் பார்த்தோம். நான் எங்கெங்கே முட்டினேனோ அங்கெல்லாம் பதில் கண்டுபிடித்தோம். இரண்டு இடங்களில் மட்டும் டிராவுக்கு வழி இருந்தது. தீபிகா அதைப் பார்த்துவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை. ஏழு மணிக்கு எழுந்தோம். செல்வராணியின் அண்ணன் வீட்டில் சோளப் பணியாரமும் தக்காளிச் சட்னியும் கொடுத்து, எட்டு மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

ஞாயிறு காலை பத்து மணி, விருதுநகரில் ஒரு பள்ளிக்கூட அரங்கு. வேறு வயதுப் பிரிவு ஆட்டங்களும் நடந்ததால் நல்ல கூட்டம். ஆளுக்கு ஒரு மணி நேரம், தீர்ந்துவிட்டால் தோல்வி. இங்கே செல்போன் இல்லை, பழைய முள் கடிகாரம். தலையில் இரண்டு குமிழ், உங்கள் பக்கத்துக் குமிழை அழுத்தினால் உங்கள் நேரம் நின்று எதிராளியின் நேரம் ஓடும். பார்வையாளர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கலாம், வாய் திறக்கக் கூடாது. பால்பாண்டி எப்படியோ மாற்று டிரைவர் பிடித்து வந்து என் பக்கத்தில் நின்றார். தீபிகா நல்ல கலகலப்பான பெண். உட்கார்ந்ததும் செல்வராணிக்கு ஒரு மிட்டாய் கொடுத்தாள்.

தொடக்கம் எதிர்பார்த்தபடியே வந்தது. செல்வராணி தன் சிப்பாய்க் கூட்டத்தைப் பிய்த்தபோது தீபிகா புருவத்தைத் தூக்கினாள். ராணிகள் வெட்டுப்பட்டன, குதிரைகள் போயின. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கையில் நான் தற்செயலாகக் கடிகாரத்தைப் பார்த்தேன். செல்வராணி தன் நகர்வை ஆடி முடித்துவிட்டிருந்தாள். குமிழையும் தொட்டாள், என் கண்ணாலேயே பார்த்தேன். ஆனால் ஓடிக்கொண்டிருந்தது அவளுடைய முள்தான்.

முதலில் எனக்குப் புரியவில்லை. பால்பாண்டியின் கையைச் சுரண்டிக் காட்டினேன். "அழுத்த மறந்துட்டா" என்று வாயசைத்தார் அவர், முகத்தில் எரிச்சலோடு. "எப்பவும் இப்பிடித்தான்." இல்லை, மறக்கவில்லை! அந்தக் கடிகாரத்தின் குமிழ் கெட்டியானது. அவள் விரல் வைத்த வைப்பில் அது பாதி இறங்கி மறுபடியும் மேலே வந்துவிட்டது. தீபிகா யோசித்துக்கொண்டிருந்தாள், நேரம் செல்வராணியின் கணக்கில் போய்க்கொண்டிருந்தது. தீபிகா கவனித்தாளா என்று தெரியாது, கவனித்திருந்தாலும் சொல்ல வேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை. எனக்குச் சொல்ல அனுமதி இல்லை. ஐந்து வருடமும் இப்படித்தான் போயிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. எல்லா நகர்வுக்கும் இல்லை, சில நகர்வுக்கு மட்டும், ஐந்து நிமிடமும் ஆறு நிமிடமுமாக.

கொஞ்ச நேரத்தில் செல்வராணியே பார்த்துவிட்டாள். பதறி மறுபடி அழுத்தினாள், இந்த முறை இறங்கியது. அவள் முகத்தில் 'மறந்துட்டேனே' என்ற அதே குற்ற உணர்ச்சி. அடுத்த சில நகர்வுகள் சரியாகப் போயின. பிறகு மறுபடியும் அதே கதை. இப்போது அவளுக்கு ஆறு நிமிடம்தான் மிச்சம், தீபிகாவுக்கு இருபதுக்கு மேல். பலகையில் எங்கள் சனிக்கிழமை நிலை வந்துவிட்டிருந்தது. ஆளுக்கொரு ரூக், நான்கு தனிச் சிப்பாய்கள். தீபிகாவின் ரூக் ஏ சிப்பாய்க்குப் பின்னால் போய் நின்றது. அவள் கடிகாரத்தை டப்பென்று அடித்தாள். தீபிகா அப்படித்தான் அடிப்பாள், நான் வழக்கமாகப் பார்க்கிற எல்லோரும் அப்படித்தான் அடிப்பார்கள்.

செல்வராணி பலகையைப் பார்க்கவில்லை. தீபிகாவின் கையைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். ஒரு முழு நிமிடம் அதிலேயே போய்விட்டது, நான் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டேன். அதன் பிறகு அவள் ஏ சிப்பாயை அதன் பாட்டுக்கு விட்டுவிட்டு ராஜாவைத் தூக்கி நடுத் தெருவில் இறக்கி வைத்தாள். அதே கையை ஓங்கி, உள்ளங்கையால் குமிழில் ஓர் அடி.

பள்ளிக்கூட அரங்கு, ஓட்டுக்கூரை. அந்தச் சத்தம் எல்லாப் பக்கமும் போய்த் திரும்பி வந்தது. அடித்தவளே நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். அவள் உடம்பு வாசல் பக்கம் திரும்பியிருந்தது. பக்கத்தில் நின்ற பால்பாண்டியும் ஓரடி பின்னால் போனதை நான் பார்த்தேன். நடுவர் வந்து, "மெதுவாம்மா, மெதுவா" என்றார். ஐந்து வருடமாக மெதுவாகவே அழுத்தித் தோற்றுப்போன பெண்ணிடம்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. செல்வராணி "சரிங்க சார்" என்று உட்கார்ந்தாள். அவளுடைய முள் நின்றிருந்தது, தீபிகாவுடையது ஓடிக்கொண்டிருந்தது.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தீபிகா ஏ சிப்பாயை எடுத்தாள். சி சிப்பாய் ஒரு கட்டம் முன்னால் போனது. அதைப் பிடிக்க ரூக் ஓடி வந்து அதையும் எடுத்தது. அதற்குள் ராஜா இ சிப்பாய்க்கு முன்னால் போய் வழி திறந்துவிட்டது. டிராவுக்கு இருந்த இரண்டு வழிகளில் ஒன்று தீபிகாவுக்குக் கிடைத்தது. அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு ரூக்கை வேறு கட்டத்தில் வைத்தாள். ஒவ்வொரு நகர்வுக்கும் செல்வராணி காயைச் சத்தமில்லாமல் இறக்கினாள், கடிகாரத்தை மட்டும் அடித்தாள். கடைசியில் இ சிப்பாய் ராணியாவதைத் தடுக்கத் தன் ரூக்கையே கொடுக்க வேண்டிய நிலை வந்ததும் தீபிகா தோல்வியை ஒப்புக்கொண்டு கை நீட்டிவிட்டாள். செல்வராணியின் கடிகாரத்தில் அரை நிமிடம்கூட இல்லை.

தீபிகாவுக்குக் கண் கலங்கியிருந்தது, ஆனாலும் எழுந்து போகவில்லை. "அக்கா, அந்த ஏ சிப்பாயை எடுக்காம இருந்திருந்தா?" என்று காய்களைத் திரும்ப அடுக்க ஆரம்பித்தாள். இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு அரை மணி நேரம் ஆராய்ந்தார்கள். செல்வராணி எங்கள் சனிக்கிழமைக் கண்டுபிடிப்பு எல்லாவற்றையும் அவளுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டாள். அடுத்த வருடம் இவளே உனக்கு எதிரே உட்காருவாள் என்று நான் செல்வராணிக்குக் கண்ணைக் காட்டினேன். அவள் கண்டுகொள்ளவில்லை.

வெளியே வேப்ப மரத்தடியில் பால்பாண்டி ஆளுக்கொரு நன்னாரி சர்பத் வாங்கிக்கொடுத்தார். செல்வராணி கிளாஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளங்கை சிவந்திருந்தது.

"எனக்கு மூளைதான் மெதுவுன்னு நெனச்சேன்க்கா" என்றாள். "அம்புட்டு வருசமும் அப்பிடியே நெனச்சுக்கிட்டு இருந்திட்டேன்." என் தோளில் சாய்ந்து அழுதாள். பால்பாண்டி அண்ணன், "நானும் உன்னைய மறதிக்காரின்னு வைஞ்சிட்டேனே தாயி" என்று சொல்லிவிட்டு, சர்பத் கடைக்காரரிடம் எல்லோருக்கும் இன்னொரு கிளாஸ் போடச் சொன்னார்.

பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தேன். தனித்து நிற்கும் சிப்பாய் பலவீனம் என்று இத்தனை வருடம் நானும் ஒப்பித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். பலவீனம்தான், இல்லை என்று சொல்ல வரவில்லை. இரண்டு சிப்பாய் போய்த்தான் ஜெயித்தோம். ஆனால் எதையும் தட்டாமல் தூக்கி வைக்கிற ஒரு ஊரே செஸ் ஆட வந்தால் கடிகாரம்தான் முதலில் தோற்கடிக்கும் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. அந்த மண்டபத்துக்கு ஒரு முள் கடிகாரம் வாங்கி அனுப்பியிருக்கிறேன். கெட்டியான குமிழாகப் பார்த்துக் கொடுங்கள் என்று கடைக்காரரிடம் கேட்டபோது அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். சேலத்திலிருந்து விருதுநகருக்கு நேரடி ரயிலும் உண்டு, கிடைத்தால் அதையே பிடியுங்கள். விருதுநகரிலிருந்து ஆமத்தூர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், சிவகாசி போகும் டவுன் பஸ் எல்லாம் நிற்கும். ஆவணி, புரட்டாசியில் வெயிலுக்குத் தொப்பியும் தண்ணீரும் அவசியம். ஆலைகளுக்குள் போட்டோ எடுக்கிறேன் என்று போய் நிற்காதீர்கள், கேட்டிலேயே திருப்பி அனுப்புவார்கள், அனுப்பவும் வேண்டும். எந்த வேனில் ஏறினாலும் கதவை மெல்லச் சாத்துங்கள். மண்டபத்தில் யார் வேண்டுமானாலும் போய் ஆடலாம், சனிக்கிழமை ஐந்து மணிக்கு மேல், முகூர்த்த நாளா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாநில அணிப் போட்டி தீபாவளிக்குப் பிறகு திருச்சியில். சீசன் முடிந்துவிடும் என்பதால் செல்வராணிக்கு லீவு உறுதி. பார்வையாளர்களுக்குக் கட்டணம் இல்லை. விருதுநகர் மாவட்டம், நான்காவது பலகை. சீக்கிரம் போகிறவர்கள் கயிற்றோரம் எனக்கும் ஓர் இடம் பிடித்து வையுங்கள்.